கூப்பிடாத மூன்றாவது குரல்

கோகிலவாணி அந்த விளையாட்டை முதல் தடவை விளையாடிய அன்று கதை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை. காற்றைப் பற்றித்தான் கேட்டாள்.

"இன்னா மாமா காத்து இது? மாசி மாசம் மத்தியானம் மூணு மணிக்கி வெள்ளிமலைல இப்டியா அடிக்கும்? டேபிள் ஃபேன் வெச்ச மாரி இருக்குது."

இளஞ்செழியன் மழுப்பிப் பார்த்தான். "கதைக்கோசரம் கொஞ்சம் கம்மி பண்ணி வெச்சேன் கோகிலா."

"கதைக்கோசரம் கம்மி பண்ணா அது காத்தா?"

இவர்கள் யார் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். களமருதூர் பொன்னுரங்கம் எனக்குச் சின்னம்மா மகன். பொன்னுரங்கத்தின் மகள் கோகிலவாணி. அவனுடைய ஒரே தங்கையைக் கள்ளக்குறிச்சியில் கட்டிக்கொடுத்தோம். அந்தத் தங்கையின் மகன்தான் இளஞ்செழியன். காதுகுத்தும்போது அவனை மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன் பொன்னுரங்கம். அப்போது அந்தப் பையன் மாமனுடைய பச்சைத் துண்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று கத்தியது எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. அத்தை மகன், நாலு வயது மூத்தவன் என்பதால் கோகிலவாணி அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

இளஞ்செழியன் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குக் கள்ளக்குறிச்சியில் செல்போன் கடை மாடியில் உட்கார்ந்தபடியே வேலை செய்கிறான். ட்ரோன் ஓட்டுகிற விளையாட்டைக் கம்ப்யூட்டரில் உண்டாக்குகிற வேலை. சும்மா பொம்மை ஓட்டுவது போல இருக்காது. எடை ஏற்றினால் மெஷின் தடுமாறும். குளிர்ந்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். நேர் கீழே வேகமாக இறக்கினால், தான் தள்ளிவிட்ட காற்றிலேயே தான் அமிழ்ந்து விழும், சாய்த்துத்தான் இறக்கவேண்டும். நிஜத்தில் எப்படியோ அப்படியே. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கதை வைத்திருப்பான். வெள்ளத்தில் நிற்கிற ஊருக்கு மாத்திரை கொண்டுபோவது ஒன்று. காணாமல் போன மாட்டைத் தேடுவது ஒன்று. கதை எழுதுவதும் அவன்தான். கோகிலவாணி நிஜமாகவே ட்ரோன் ஓட்டுகிறவள் என்பதால், ஓட்டிப் பார்த்து எது பொய் என்று சொல்ல அவளைக் கூப்பிடுவான். தன் ரிமோட்டையே கொண்டுவந்து கம்ப்யூட்டரில் சொருகிக்கொள்வாள்.

அன்று அவன் புதிதாக வைத்த கட்டம் கல்வராயன் மலை. வெள்ளிமலைக்கு மேற்கே இருக்கிற ஒரு பள்ளம். காணாமல் போன ஒரு கூலிக்காரரைத் தேடவேண்டும். கோகிலவாணி ஓட்டினாள். பள்ளத்தின் நடுவில் மெஷினை நிறுத்திக் கூப்பிடும் பட்டனை அழுத்தினாள். பாறைமேல் ஓர் உருவம் எழுந்து நின்று கையை ஆட்டியது. தோளில் பச்சைத் துண்டு. முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மழமழவென்று ஒரு வெறுமை.

அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். "எங்கப்பாவா இது?"

அவன் தலையை ஆட்டினான்.

"மூஞ்சி எங்க?"

"வெக்க வரல கோகிலா. மூணு தரம் வெச்சுப் பாத்தேன். வேற யாரோ மாரி ஆய்டுச்சு."

அதற்குப் பிறகுதான் அவள் காற்றைப் பற்றிக் கேட்டது.

பொன்னுரங்கத்துக்கு நிலம் கிடையாது. மருந்தடிக்கிற கூலி. பதினாறு லிட்டர் தெளிப்பானை முதுகில் சுமந்து முப்பது வருஷம் நெல்லுக்கும் கரும்புக்கும் அடித்தவன். அவன் முதுகில் பட்டை பிடித்த இடம் இரண்டு கோடாகக் கறுத்திருக்கும். சட்டை போடாமல் தூரத்தில் போனால்கூட அதை வைத்தே அவன் என்று சொல்லிவிடலாம்.

மகளை ரிஷிவந்தியத்தில் கொடுத்தான். மூன்று வருஷத்தில் அவள் திரும்பி வந்துவிட்டாள். அது வேறு சங்கதி. மகளிர் குழுவில் ட்ரோன் ஓட்டப் பயிற்சி என்றார்கள். போனாள், தேறினாள், மெஷினோடு வந்தாள். முதல் நாள் அவள் மருந்தடித்தது அப்பன் வழக்கமாக அடிக்கும் நிலத்தில்தான். பொன்னுரங்கம் வரப்பில் குந்திக்கொண்டு பார்த்தான்.

"ஏம்மா, நான் காலைலேருந்து பொழுது சாயற மட்டும் அடிக்கிறத ஒரு பீடி புடிக்கிற நேரத்துல முடிச்சிட்டியே. எனக்கு இனிமே இன்னா வேல?"

"குந்திக்கினு பீடி புடி."

அவன் சிரித்தான். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆனால் அடுத்த போகத்தில் அவனை மருந்தடிக்கக் கூப்பிட ஆளில்லை. சும்மா இருந்து பழகாத உடம்பு. மரவள்ளிக் கிழங்கு பிடுங்க மலைக்குப் போகிற கூட்டத்தோடு ஐம்பத்தெட்டு வயதில் கிளம்பினான். மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, ஒரு கொல்லையிலிருந்து இன்னொரு கொல்லைக்குக் குறுக்குவழியில் தனியாகப் போனவன் போய்ச் சேரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்கள் தேடினார்கள். புதன்கிழமை கோகிலவாணி மெஷினை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனாள். மெஷின் பல ஊருக்குப் பொது. மேலிடத்தில் கேட்டதற்கு, போ, ஆனால் முப்பது வந்ததும் திருப்பிவிடவேண்டும் என்றார்கள். பேட்டரியில் சார்ஜ் நூற்றுக்கு முப்பது வந்தால் மெஷின் கத்தும். அதுதான் அவர்கள் சட்டம். மருந்துத் தொட்டியைக் கழற்றிவிட்டு, தேட வந்தவர்கள் கொடுத்த ஒலிபெருக்கியை அந்த இடத்தில் கட்டினார்கள். ரோட்டில் நின்று மைக்கில் பேசினால் மேலே போன மெஷின் கத்தும்.

கொல்லைக்கு மருந்தடிப்பதுபோலவே அவள் பள்ளத்தை ஓட்டினாள். சால் சாலாக. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, கொஞ்சம் தள்ளி மறுபடி இந்தக் கோடி. நின்று கூப்பிட்டால் சார்ஜ் தின்னும் என்று சாலுக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொண்டாள்.

"யப்பா! கோகிலா வந்துக்கிறேன். வெளிய வாப்பா!"

பள்ளத்தின் கடைசிப் பகுதியில் இரண்டு சால் ஓட்டினாள். இரண்டு குரல். மூன்றாவது சாலுக்குத் திரும்பவேண்டிய இடத்தில் சார்ஜ் முப்பத்து மூன்று. எதிர்க்காற்றில் திரும்பிவரவேண்டும். திருப்பிவிட்டாள். சார்ஜ் பன்னிரண்டில் இருக்கும்போது ரோட்டில் வந்து இறங்கியது. அடுத்த பேட்டரி ஏற்றுவதற்குள் மேலே மூடுபனி இறங்கிவிட்டது, மறுநாளும் விலகவில்லை.

வெள்ளிக்கிழமை வெள்ளிமலைப் பக்கத்து ஆள் செல்லமுத்து, தேன் பார்க்கப் போனவர், பொன்னுரங்கத்தைக் கண்டெடுத்தார். கால் முறிந்திருந்தது. வியாழக்கிழமை விடியலில் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் புதன்கிழமை இருந்திருக்கிறான்.

செல்லமுத்து எங்களிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மொதல்ல பாறை மேல வெட்டவெளிலதான் படுத்திருந்தாருங்க. தண்ணி பாட்டலு, பை, எல்லாம் அங்கதான் கெடந்துது. அங்கேருந்து தேச்சிக்கினே போயி பாறை சந்துக்குள்ள பூந்துக்கினு இருக்காரு. சந்து வாசல்ல அருவாள நட்டு வெச்சிருந்தாரு. எதுக்கோ பயந்திருக்காருங்க. கரடிக்கா இருக்கும்."

கூடியிருந்தவர்கள் கரடி என்றே நினைத்துக்கொண்டார்கள். கோகிலவாணி அம்மா முகத்தைப் பார்த்தாள். அவள் அம்மா கொளஞ்சியம்மாள் தரையைப் பார்த்தாள்.

கரடிக்கு யாரும் அருவாளை நட்டு வைப்பதில்லை. கையில் பிடித்துக்கொள்வார்கள். இரும்பை வாசலில் நடுவது காட்டேரிக்கு. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆள் தெரியாமல் குரல் மட்டும் கேட்டால், பெற்ற பிள்ளை குரலாகவே இருந்தாலும், மூன்றாவது குரலுக்குத்தான் ஊம் கொட்டவேண்டும். காட்டேரியால் இரண்டு தரம்தான் கூப்பிட முடியும். மூன்றாவது குரல் மனுஷக் குரல். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பொன்னுரங்கம் சிரிக்கிற ஆள் கிடையாது. வீட்டுக்குள்ளேயே அப்படித்தான். "சோறு திங்க கூப்ட்டாலும் மூணு தரம் கூப்டணும் இந்த மன்சன, ரெண்டு தரத்துக்குச் சோறு ஆறிப்பூடும்" என்று கொளஞ்சியம்மாள் என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

வானத்திலிருந்து, ஆளில்லாமல், மகள் குரலில் யப்பா என்று ஒரு சத்தம். பிறகு இன்னும் கிட்டத்தில் இன்னொன்று. பிறகு ஒன்றுமில்லை. கால் முறிந்து, இரண்டு நாளாகச் சோறில்லாமல் கிடந்தவன் என்ன நினைத்திருப்பான்?

எல்லாம் தெரிந்த பெண், அன்றைக்கு எப்படி மறந்தாள் என்று ரொம்ப நாள் கழித்து நான் கேட்டதற்கு, "மெஷின் மேல இருக்கறப்ப அந்த நம்பரு ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும் பெரீப்பா" என்றாள்.

ஒரு வருஷம் அவள் யாரிடமும் இதைப் பேசவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். ராத்திரி தூங்கவில்லை என்று கண் சொல்லும். அவளை அரித்தது ஒரே கேள்வி. முப்பத்து மூன்றில் மூன்றாவது சால் ஓட்டியிருக்க முடியுமா, முடியாதா? முடியாது என்றால் தலைவிதி என்று ஆற்றிக்கொள்ளலாம்.

அதைத்தான் அன்று செல்போன் கடை மாடியில் இளஞ்செழியனிடம் சொன்னாள்.

"எங்கப்பா மொத குரலுக்கெல்லாம் எழுந்து கையாட்ட மாட்டாரு மாமா. நீ வெச்சிருக்கிறது வேற யாரோ. அவர வெக்கணும்னா ஒழுங்கா வையி. மொத குரலுக்கு எழுந்து குந்தட்டும். ரெண்டாவதுக்கு தேச்சிக்கினே சந்துக்குள்ள போவட்டும். மூணாவதுக்கு வெளிய வரட்டும். காத்து அன்னிக்கி அடிச்ச காத்தா இருக்கணும். பேட்டரி அன்னிக்கி இருந்த பேட்டரியா இருக்கணும்."

"எதுக்கு கோகிலா? நான் மாமா பொழைக்கிற மாரி ஒரு கதை..."

"பொழைக்க வெக்கத் தெரியும் ஒனக்கு. எனக்கு அது வேணாம். முடியுமா முடியாதான்னு தெரியணும்."

மலைக்குப் போன அன்று மெஷின் பறந்த விவரம் நொடிக்கு நொடி அதற்குள்ளேயே பதிவாகி இருந்தது. எந்த நொடியில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து நின்றது என்று பார்த்தால், காற்று எங்கிருந்து எவ்வளவு தள்ளியது என்று கணக்குப் போட்டுவிடலாமாம். பத்து நாள் உட்கார்ந்து அந்தப் புதன்கிழமைக் காற்றை அவன் அப்படியே கொண்டுவந்து வைத்தான். மேட்டில் ஏறி, முகட்டைத் தாண்டியதும் சுருண்டு கீழே அமுக்குகிற காற்று. ஒலிபெருக்கியின் எடையைக்கூட விடவில்லை.

பெங்களூரிலிருந்து அவன் மேலதிகாரி ரம்யா போனில் கூப்பிட்டாளாம்.

"இவ்வளவு காத்து வெச்சா யாருமே ஜெயிக்க முடியாதே இளஞ்செழியன்?"

"முடியாதுங்க."

"அப்புறம் யாரு வெளையாடுவாங்க?"

"ஒருத்தி வெளையாடுவாங்க" என்றானாம்.

கோகிலவாணி தினமும் வேலை முடிந்து மத்தியானத்தில் பஸ் ஏறிப் போனாள். முதல் நாள் அவள் கண்டது அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார விடவில்லை. நிஜத்தில் மெஷின் ஆடிய ஆட்டத்தில் கேமராவில் இலையும் பாறையும்தான் தெரிந்தன. இங்கே எல்லாம் தெரிந்தது. முதல் குரலுக்கு அந்த முகமில்லாத உருவம் எழுந்து குந்தி வானத்தைப் பார்த்தது. இரண்டாவது குரலுக்குக் காலை இழுத்துக்கொண்டு, கையை ஊன்றி ஊன்றி, அவள் குரலை விட்டு விலகிப் போனது. அவள் கூப்பிடக் கூப்பிட அவளுக்குப் பயந்து போனது. சந்துக்குள் பச்சைத் துண்டு மறைகிற வரையில் பார்த்துவிட்டு, மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். இளஞ்செழியன் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் மறுபடி போனாள். முப்பத்து மூன்றில் திருப்பாமல் மூன்றாவது சாலுக்குப் போனாள். கூப்பிட்டாள். சந்திலிருந்து முதலில் ஒரு கை வந்தது. பிறகு தலை. முழுதாக வெளியே வந்து, பாறையைப் பிடித்துக்கொண்டு, மெஷினை நிமிர்ந்து பார்த்து நின்றது. அவள் அழவில்லை. மெஷினைத் திருப்பினாள். முகட்டுக்கு இந்தப் பக்கம் காற்று அமுக்கியது. பாதி வழியில் மரத்தின்மேல் விழுந்தது. திரை கறுத்து, தோல்வி, மெஷின் திரும்பவில்லை என்று எழுத்து வந்தது.

பதினோரு தடவை ஓட்டினாள். உயரமாகப் போய்ப் பார்த்தாள், தாழ்வாக முகட்டை ஒட்டிப் போய்ப் பார்த்தாள், சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். பதினோரு தடவையும் மூன்றாவது குரல் கொடுக்க முடிந்தது. பதினோரு தடவையும் உருவம் வெளியே வந்தது. பதினோரு தடவையும் மெஷின் விழுந்தது.

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கூப்பிட்டிருக்கலாம். மெஷின் போயிருக்கும், அவ்வளவுதான்.

"போதும் கோகிலா" என்றான் இளஞ்செழியன். "அந்த எழுத்தையாவது மாத்திடறேன். தோல்வின்னு வர வேணாம்."

"எழுத்து எப்டி இருந்தா இன்னா? மெஷினு வுழுந்தப்பறம் அவரு அங்க நிக்கிறாரே, அவர யாரு கூட்டிக்கினு வரா?"

அதை அவன் எழுதவில்லை. ஆட்கள் அந்த இடத்துக்கு நடந்து போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும், அதுவரை அந்த உயிர் தாங்கியிருக்குமா, இதெல்லாம் காற்றுக் கணக்கில் வராது. எழுதினால் அவன் இஷ்டத்துக்குத்தான் எழுதவேண்டும். உட்கார்ந்து பார்த்தான். கை வரவில்லை என்றான்.

அந்த வாரம் கோகிலவாணி அம்மாவிடம், "மலைக்குப் போய்ட்டு வரலாமா?" என்று கேட்டாள். எதற்கு என்று கொளஞ்சியம்மாள் கேட்கவில்லை. முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி, அங்கிருந்து வெள்ளிமலை. செல்லமுத்து பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்து கூட்டிக்கொண்டு போனார். பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும், "நீங்க போய் பாத்துட்டு வாங்கம்மா, நான் இங்க குந்தியிருக்கிறேன்" என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

உச்சிவேளை. பாறை சுட்டது. சந்து அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஆள் நுழைவதே கஷ்டம். வாசலில் அருவாள் நட்ட இடத்தில் மண் மூடிப் புல் முளைத்திருந்தது. கொளஞ்சியம்மாள் முந்தானையில் முடிந்து வந்த சூடத்தை எடுத்தாள். காற்று ஏற்றவிடவில்லை. மறுபடி முடிந்துகொண்டாள்.

"யம்மா" என்றாள் கோகிலவாணி. "மூணாவது சாலு ஓட்டியிருக்கலாம். சார்ஜி இருந்துச்சு. மெஷினுதான் திரும்பி வந்திருக்காது."

கொளஞ்சியம்மாள் முந்தானை முடிச்சை இறுக்கினாள். பிறகு சொன்னாள்:

"அன்னிக்கி ரோட்டுல ஒம் பக்கத்துலதானடி நின்னேன்."

"ம்."

"நீ கூப்டக் கூப்ட வெரலு வுட்டு எண்ணிக்கினு இருந்தேன். ஒண்ணு, ரெண்டு. நீ திருப்பிட்ட. இன்னொரு தரம் கூப்டுடின்னு நாக்கு நுனி மட்டும் வந்துச்சு. சுத்தி ஆபீசருங்க நிக்கிறாங்க. நெல்லு நடற பொம்பள, நாம இன்னா சொல்றதுன்னு முழுங்கிட்டேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். ஒரு வருஷம் ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் தனித்தனியாக அதையே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

"ஏம்மா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

கோகிலவாணி எழுந்தாள். சந்துக்கு நேராகப் போய் நின்றாள். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

கொளஞ்சியம்மாள் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். அழுத்திய அழுத்தில் உதடு பல்லில் பட்டு ரத்தம் வந்துவிட்டதாம்.

"வாணாம்டி. மூணாவது குரலுக்கு வந்துதான் ஆவாரு. வந்தா எங்க குந்துவாரு? யாரு சோறு போடுவா? தோ, இந்த வெய்யில்ல, ஒடஞ்ச கால வச்சிக்கினு நிப்பாரு. நம்ம பஸ் ஏறிப் பூடுவோம். வெளிய கூப்ட்டு நிக்க வெச்சிட்டுப் போற பாவம் வேற நமக்கு வாணாம்."

கோகிலவாணி கையை விலக்கவில்லை. அம்மாவின் உள்ளங்கைக்குள் மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. சந்துக்குள் இருட்டு அசையவில்லை. நெடுநேரம் கழித்து, தலையை மட்டும் ஆட்டினாள். கொளஞ்சியம்மாள் கையை எடுத்தாள்.

அந்த விளையாட்டை அவள் அப்புறம் ஓட்டவில்லை. அந்தக் கட்டத்தை எடுத்துவிடட்டுமா என்று இளஞ்செழியன் கேட்டதற்கு, மூன்றாவது குரலை மட்டும் எடுத்துவிடு என்றாள். எடுத்துவிட்டான். இப்போது யார் ஓட்டினாலும், எத்தனை தரம் கூப்பிட்டாலும், பொன்னுரங்கம் சந்துக்குள்தான் இருக்கிறான்.